நாலங்குலக் குழாய்

மோட்டாரை இன்னும் பூட்டவே இல்லை. ஆனாலும் கீழ்த்தொட்டியான சம்ப்புக்குள் தண்ணீர் மெதுவாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

றுஷாந்தன் கையிலிருந்த திருகியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். மேல் ஹாலில் அண்ணன் பாக்கியநாதன் வைத்திருக்கும் பெரிய மீன்தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, கீழறையில் இருக்கும் இந்தக் கண்ணாடித் தொட்டியில் சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே போக வேண்டும். பதுளையில் எத்தனையோ வீடுகளுக்குக் குழாய் போட்டவன் அவன். நிற்கும் தண்ணீர் தானாக மூச்சு விட்டுப் பார்த்ததில்லை.

"அண்ணே, மேல தண்ணி ஏதும் ஊத்துறீங்களா?"

"இல்லையே தம்பி." படியில் நின்றபடிதான் அண்ணன் பதில் சொன்னார்.

மலைச் சரிவில் கட்டிய வீடு. ஹால் ரோட்டு மட்டத்தில் இருக்க, கீழறையின் மூன்று பக்கமும் மண். மதியம் திரும்பியதுமே இறங்கிய பனிமூட்டம் படிவழியே உள்ளே வந்து, பல்பின் வெளிச்சத்தை மங்கலாக்கி, ஈரமண் வாசனையோடும் குழாய் ஒட்டும் கம்மின் நெடியோடும் கலந்து நின்றது. அதற்கும் மேலாகக் கடல் நாறியது. கல்குடாக் கடலிலிருந்து பீப்பாய் பீப்பாயாக லொறியில் கொண்டுவந்த தண்ணீர். போன வருஷம் அண்ணி பிரான்சிஸ்காவை இழுத்துப் போனதும் அதே கடல்தான். உடல் கிடைக்கவே இல்லை.

துக்கத்தில் மனுஷன் என்னவும் செய்வான் என்று றுஷாந்தன் நினைத்துக்கொண்டான். தொட்டியில் ஏன் ஒரு மீன்கூட இல்லை என்று கேட்கவில்லை. அப்பா செத்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கையைப் பிடித்து டவுனுக்குக் கூட்டிவந்து, தான் பசித்திருந்து அவனுக்குச் சோறு போட்டவர் அண்ணன். அவர் கூப்பிட்டால் வந்துதானே ஆக வேண்டும்.

ஒன்றுதான் உறுத்தியது. இரண்டங்குலக் குழாய் தாராளம். அண்ணன் நாலங்குலம்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார்.

"இதுல ஒரு பூனையே எறங்கிருமேண்ணே," என்று காலையில் அவன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

மேலிருந்து இறங்கும் குழாயின் வாயில் வெள்ளை வடிகட்டித் துணிப்பையை மாட்டினான். அந்தக் குழாயின் வால்வை இறுக்கி மூடினான். அப்போது மேலே, சுவரோடு போகும் குழாய்க்குள் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடும் சத்தமல்ல. நனைந்த துணியை யாரோ இழுத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது. வளைவில் வந்து நின்றது. சிரமப்பட்டுத் திரும்பியது. மறுபடி இறங்கியது.

தேங்காயெண்ணெய் மணத்தது. அண்ணியின் தலைமுடி மணம்.

"தம்பி..."

குழாய்க்குள்ளிருந்து.

கதவுக்கு ஓடினான். அதற்குள் கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணே! தொறங்கண்ணே! உள்ள என்னமோ இருக்கு!"

"தெரியும்ப்பா." கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். "தனியா இருக்க முடியலைங்கிறா. வாங்க வாங்கன்னு தெனமும் கூப்புடுறா."

"அப்ப நீங்க..."

"எனக்குப் பயமா இருக்குடா." அண்ணன் அழுதார். "ஒன்ன அவளுக்குப் புடிக்கும். சின்னதுல இருந்தே அவ சோறூட்டுன புள்ளதானே நீ."

றுஷாந்தன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டான். பயத்தினால் மட்டுமல்ல. அண்ணனின் அந்தக் குரல் காய்ச்சலில் அவன் கிடந்த இரவுகளில் தலைமாட்டில் இருந்த குரல். பொறுமையாக, அன்பாக, அதேபோல்தான் இப்போதும் பேசியது.

"அண்ணே, ஒங்க கால்ல விழறேன்..."

காலடிகள் படியேறின. மேலே டீவி போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

பின்னால் கிறீச்சென்றது. வால்வின் கைப்பிடி தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

சுவரோடு ஒட்டிக்கொண்டான். கண்ணை மூட முடியவில்லை.

துணிப்பை கனத்தது. தொங்கியது. வெள்ளைத் துணியில் முதலில் ஒரு நெற்றி. பிறகு மூக்கு. முகம் இந்தப் பக்கம் திரும்பியது. அவனைக் கண்டுகொண்டது. ஈரத்துணிக்குள் வாய் மெல்ல விரிந்து, ஆசையாகச் சிரித்தது. பையின் அடித்தையல் நூல் நூலாக விட்டுக்கொண்டிருந்தது.