காயாத சுவர்

மற்ற மூன்று சுவர்களும் வெளுத்துக் காய்ந்துவிட்டன. மேற்குச் சுவர் மட்டும் சற்று முன்தான் பூசியதைப் போலக் கருத்து, ஈரம் கோத்து நின்றது. வெள்ளைத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்தான். ஆனால் ஈரச் சுவருக்கு இருக்க வேண்டிய குளிர்ச்சி இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தொட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

சித்திரை மாதம். அச்சங்குளத்து வெயிலில் மாடியில் ஊற்றிய வடகம் ஒரே பகலில் கல்லாகிவிடும். சுற்றியிருக்கிற பட்டாசுக் கம்பெனிகளில் வெடி காயப்போட இதைவிடத் தோதான வெயில் வருஷத்தில் வேறு கிடையாது. அந்த வெயில் மதியம் முழுக்க மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் நின்று எரித்தும், உள்ளே ஒரு சாண் இடம்கூட வெளுக்கவில்லை. கலவையில் தண்ணீர் கூடிப்போயிருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதை மனசு ஏற்கவில்லை.

அந்த அறையைப் பூசியதே மகளுக்காகத்தான். விருதுநகரில் கட்டிக்கொடுத்த நாகஜோதிக்கு இரண்டு தடவை கரு கலைந்து, பல கோயில் ஏறி இறங்கி, மூன்றாவதாக ஒன்று நிலைத்திருந்தது. வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். அவள் படுக்கிற அறையில் உப்புப் பூத்த பழைய பூச்சு பொத்துப் பொத்தென்று உதிர்ந்துகொண்டிருந்தால், பச்சைப்பிள்ளையை எங்கே கிடத்துவது? வெள்ளைத்தாய்க்கு அந்தப் பிள்ளையைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிருந்தது.

முதலில் கொத்தனார் தனுஷ்கோடிக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். அவர் சாத்தூரில் ஏதோ மண்டப வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். வைகாசி பிறக்காமல் வரமுடியாது என்றார். அழகுராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அழகுராஜா அவள் புருஷன். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். கொத்துக்கரண்டி பிடித்து அறியாதவர்.

"செவுத்துல சாந்த அப்புறதுக்கு ஒரு ஆளு, அவருக்கு ஒரு கையாளு, நாம காத்துக் கெடக்கணுமா? செல்லுல பாத்தேன், ஊர்ல பொம்பளைகளே பூசுறாக. நா பூசுதேன்."

"ஏங்க, தொழில் தெரிஞ்சவுக கைய வச்சா நல்லா இருக்கும்ல. அவுகளே மண்ணும் கொண்டு வந்துருவாக."

"மண்ணு எனக்குக் கிடைக்காதாக்கும்?"

கிடைத்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட மணல்! இந்தக் காலத்தில் பெரிய பங்களா கட்டுகிறவன்கூடக் கல்லுடைத்த எம்-சாண்டில்தான் பூசுகிறான். இவர் வேனிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கியது ஆற்று மணல். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்குத் தெரிந்த இடம் என்று மட்டும் சொன்னார். பழைய பூச்சைக் கொத்தி, சலித்து, குழைத்து, தாடியெல்லாம் சிமெண்டாக ஒரு வாரம் மல்லுக்கட்டினார். சுவர் அலை அலையாக வந்தது. அவர் கண்ணுக்கு மட்டும் அது கண்ணாடியாகத் தெரிந்தது. வெள்ளைத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு நல்லா இருக்கு என்றாள்.

நாகஜோதி வந்து இறங்கியபோதும் மேற்குச் சுவர் காயவில்லை. முன்னறையிலேயே படுத்துக்கொள் என்று சொன்னால் அவள் கேட்கவில்லை. "எனக்குன்னு பூசுன ரூம்ல நா படுக்காம?" என்று பாயை அங்கேயே போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் வெள்ளைத்தாய் காப்பியோடு போனபோது, மகள் ஈரச் சுவரில் முதுகை ஒட்டிச் சாய்ந்து, கண்ணை மூடி, சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா, ஈரத்துல ஏன் சாயுத? சளி புடிக்கும்."

"போம்மா. இடுப்பு வலிக்கு எம்புட்டு எதமா இருக்கு தெரியுமா? சுடுதண்ணி ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு. புள்ளகூட ஆடாம அசையாம கேட்டுக்கிட்டு இருக்கு."

"எதக் கேக்குது?"

"செவுத்துக்குள்ள என்னமோ தட்டுதுல்ல, அத." மகள் சிரித்தாள். "எலியா இருக்கும்மா."

காப்பியை வாங்க நீட்டிய மகளின் உள்ளங்கையைப் பார்த்ததும் வெள்ளைத்தாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கை முழுக்க வெள்ளி நிறத்தில் மினுமினுவென்று தூள். ரேகைகளுக்குள் இறங்கி, நகக்கண்ணில் ஏறி. இந்தப் பக்கத்தில் யாருக்கும் அதை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். முழங்கால் தேயும்வரை வெள்ளைத்தாயும் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தியவள்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வெள்ளி போகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைமேல் நீளுகிற கையை வைத்தே எவள் எந்த ரூமில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

அவள் சேலைத் தலைப்பை எண்ணெயில் நனைத்து மகளின் கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். சுவரிலிருந்து இப்போது வாசம் வந்தது. சிமெண்டு வாசம் இல்லை. கந்தகமும் வேர்வையும் வாடிய கனகாம்பரமும் கலந்த, வேலை விட்டு வரும் வேனுக்குள் அடிக்கிற வாசம்.

சாயங்காலம் அழகுராஜா வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"அந்த மண்ண எங்கன அள்ளுனீக?"

அவர் சக்கரத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கேன்ல."

"கம்பெனிலதான். சீல் வச்சதுல இருந்து சும்மாதான கெடக்கு. வாச்மேன் ஊர்க்காவலனே அள்ளிக்கிடச் சொல்லிட்டான்."

வெள்ளைத்தாய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். போன ஆடியில் வெடித்த கம்பெனி அது. அவள் வேலை பார்த்த அதே ரூம். தரைமட்டமான பிறகும் மிச்ச மருந்து மறுபடி பற்றிவிடக் கூடாது என்று லாரி லாரியாக மணலைக் கொண்டுவந்து எல்லாவற்றின்மேலும் கொட்டினார்கள். கல், தகரம், சாப்பாட்டு வாளி, எல்லாவற்றின்மேலும். அவளோடு மருந்து செலுத்தி, அன்றைக்கு உள்ளே செத்துப்போன பானுப்பிரியாவின் வீட்டாருக்குத் துணியில் பொதிந்து கொடுத்தது ஒரு கைக்குழந்தை எடைகூட இல்லை. மீதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்த மணலைக் கோழிகூடக் கிளறாது.

"அது எதுக்குப் போட்ட மண்ணுன்னு தெரியாமலா அள்ளுனீக?"

"தெரியும்." அவர் குழாயை மூடினார். கண் கலங்கியிருந்தது. "காலைல அம்புட்டுப் பேரையும் நாந்தான் கொண்டுபோய் எறக்கிவிட்டேன். சாயங்காலம் வெறும் வண்டிய ஓட்டிட்டு வந்தேன். அங்கன போய் நிக்கும்போது, எதையாச்சும் ஏத்திட்டு வரணும்னு தோணுச்சு வெள்ளத்தாயி. ஏன்னு கேக்காத."

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கு மேல் அழுகை வந்தது. நாளைக்கே அந்தச் சுவரை உடைத்து எறிந்துவிட வேண்டும் என்றாள். அவரும் சரி என்றார். ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு லோடு இருக்கிறது, இறக்கிவிட்டு மதியம் திரும்பிவிடுகிறேன், அதற்குள் தனுஷ்கோடியை வரச்சொல் என்றார். அன்று இரவு மகளைத் தன் பக்கத்தில், முன்னறையில் படுக்கவைத்தாள்.

தனுஷ்கோடி காலையிலேயே வந்தார். போனில் அவள் அழுத அழுகை அப்படி. வந்தவர் சுவரைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். "என்னக்கா இது, செவுரா, ரோட்டுல போட்ட ஸ்பீடு பிரேக்கரா? இதுக்குத்தான் தொழில்காரன் வேணும்னு சொல்றது. நல்லா நனைக்காம பூசியிருக்காக, புடிக்கல. தட்டுனா தானா வரும் பாருங்க."

உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சில்லு ஒன்று பெயர்ந்து தொங்கியது. விழவில்லை. எதிலோ மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்து, விரலில் சுற்றி இழுத்தார். முடி. நீளமான பொம்பளை முடி. இழுக்க இழுக்க வந்தது. முழம் தாண்டியும் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, வாரிய படிவோடு வந்தது. பிறகு உள்ளே போய் எதிலோ இறுகி நின்றது. அவர் இன்னொரு தடவை இழுத்தார்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

தனுஷ்கோடி விரலை உருவிக்கொண்டு, சுத்தியலைக்கூட எடுக்காமல், செருப்பை மறந்து வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தார்.

உச்சிவேளை உருமத்துக்கு ஊர் காலியாகிவிட்டது. ஆண்களும் பெண்களும் கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீடுகளின்மேல் வெயில் நின்றது. நாகஜோதி சாப்பிட்டுவிட்டு முன்னறையில் காற்றாடிக்குக் கீழே ஒருக்களித்துத் தூங்கினாள். இந்த வெயிலில் பஸ் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அவளை விருதுநகருக்கும் திருப்பி அனுப்ப வழியில்லை. வெள்ளைத்தாய் அறைக் கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் தட்டுவது கேட்டது.

எலி இல்லை. உள்ளங்கை. தட், தட் என்று சுவரின் அடியில் தொடங்கியது. மெதுவாக மூலைவரை போனது. மூலையில் நின்றது. மேலே ஏறியது. திரும்பி வந்தது. ஒரு கை இல்லை, பல கைகள். இருட்டில் தடவிக்கொண்டு போகிறவர்களின் கைகள். தட்டி, நகர்ந்து, தட்டி, நகர்ந்து.

என்ன தேடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொல்லிக்கொடுப்பது அது ஒன்றுதான்: பொறி கண்டால் எதையும் எடுக்காதே, முன்னால் இருக்கிற வாசல் வழியாக ஓடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல் இருக்கும். பானுப்பிரியாவும் மற்றவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வாசல் இருந்ததே. எங்கே போச்சு?

பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு கூட நெஞ்சு உருகிவிட்டது. ஒரே தூக்குவாளியில் சோறு தின்ற பிள்ளைகள். இத்தனை மாதமாக வெளியே வரத் தெரியாமல் கிடக்கிறார்கள். சுவரை உடைக்கிற சுத்தியல் எதற்கு? வழி சொன்னால் போதாதா?

கொண்டியை எடுத்தாள். கதவை அகலத் திறந்தாள். உள்ளே அனல். மேற்குச் சுவர் முழுக்க வெள்ளி வெள்ளியாக உள்ளங்கைகள் பதிந்திருந்தன. உள்ளிருந்து பதிந்தவை. விரல்கள் எல்லாம் வெவ்வேறு திசையில்.

"ஏ பானு." சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "தாயி, வாசல் அங்கன இல்ல. இங்கன இருக்கு. ஒரே வாசல்தான். தெறந்துதான் இருக்கு. எல்லாரும் வாங்க. பயப்படாம வாங்கத்தா."

தட்டுவது நின்றது.

அவள் கதவோரமாக ஒதுங்கி வழி விட்டாள். எதுவும் தெரியவில்லை. சூடாக ஒரு காற்று, கந்தகமும் கனகாம்பரமும் மணக்க, அவள் சேலையை உரசிக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக. அவள் கண்ணெதிரே சுவர் மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக் கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காய்ந்த, சாதாரணச் சுவர்.

வெள்ளைத்தாய் சுவரைக் கும்பிட்டு அழுதாள். போய்ட்டாக, போய்ட்டாக என்று வாய்விட்டுச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அறையின் அந்த ஒரே வாசல் முன்னறைக்குள் திறக்கிறது. தெருக்கதவை, மகள் தூங்கட்டும் என்று, அவளேதான் பூட்டியிருந்தாள்.

"எம்மா," என்றாள் நாகஜோதி. தூக்கம் கலையாத குரல். "புள்ள ரொம்ப உதைக்குதும்மா."

வெள்ளைத்தாய் திரும்பினாள்.

மகள் மல்லாந்து கிடந்தாள். நைட்டி அசைந்துகொண்டிருந்தது. வெள்ளைத்தாய் மண்டியிட்டுத் துணியை மேலே தூக்கினாள்.

வயிற்றுத் தோலில், உள்ளிருந்து, ஒரு உள்ளங்கை. பெரிய ஆளின் கை. ஐந்து விரலும் விரிந்து, தோல் வெளுக்க அழுத்தியது. பதிந்த இடம் வெள்ளியாக மினுங்கியது.

தட்.

பக்கத்தில் இன்னொரு கை. விலாவோரம் ஒன்று. தொப்புளுக்குக் கீழே ஒன்று. இடம் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக.

தட். தட். தட்.

நகர்ந்து நகர்ந்து, வட்டமாக, அவசரமாக, வாசலைத் தேடிக்கொண்டு.