புதுத் தண்ணீர் உறைந்த வளைவு

பனிமூட்டத்துக்குள்ளிருந்து லாரி ஹாரன் ஒன்று அலறியது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. கூடவே இரும்பு பாறையில் மோதி உருளும் சத்தம். மலை அந்தச் சத்தத்தை வாங்கி நாலா பக்கமும் திருப்பி அடித்தது. பிறகு எல்லாம் சட்டென்று அடங்கிவிட்டது.

ரிக் வண்டியின் பம்பரில் பிளாஸ்டிக் மாலையைக் கட்டிக்கொண்டிருந்த அர்த்தனாரியின் கை அப்படியே நின்றது.

“யாரு வண்டிடா அது?”

ரிக்கில் கூட வேலை பார்க்கும் மாதேஷ் இறக்கத்துப் பக்கம் திரும்பினான். இந்தப் பனிக்காலத்தில், காஷ்மீர் மலையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த ஜபர்பல் கிராமத்துக்கு வந்திருந்த லாரிகள் இரண்டே இரண்டு. இரண்டுமே திருச்செங்கோட்டு வண்டிகள். ஒன்று ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. இதோ நிற்கிறது. இன்னொன்று ராடும் பைப்பும் சுமக்கும் சப்போர்ட் வண்டி. அது சற்று முன்புதான் இறக்கத்தில் கிளம்பிப் போனது. ஓட்டிப் போனவர் குழந்தைவேல், அர்த்தனாரியின் அக்கா புருஷன்.

அர்த்தனாரி ஓடினான். மலைக்கே போர்வை போர்த்தியது போல மூட்டம். முதல் வளைவில் காலை வைத்ததுதான் தெரியும், இரண்டு காலும் வானத்தைப் பார்க்க மல்லாக்க விழுந்தான். எழப் பார்த்தால் கை வழுக்கியது. முட்டி போட்டால் முட்டி வழுக்கியது. சாலை முழுக்கக் கண்ணாடி வார்த்தது போல மெல்லிய பனிக்கட்டி. அடியில் இருக்கிற தார்கூடக் கருகருவென்று தெரிந்தது. ஈர ரோடு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்தக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

அர்த்தனாரி குனிந்து பார்த்தான். குங்குமம். பக்கத்தில் மஞ்சள் கரைசல் அலையலையாக உறைந்திருந்தது. நசுங்கிய எலுமிச்சம்பழத் துண்டு ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே.

காலையில் அவன் ரிக்குக்கு வைத்த அதே குங்குமம்.

ரிக் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரில் துளை போட்டுத் தண்ணீர் கண்டாலும், அந்தப் புதுத் தண்ணீர் முதலில் வண்டிக்குத்தான். தலையிலிருந்து டயர் வரை குளிப்பாட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, பழம் நசுக்கித்தான் அடுத்த ஊருக்கு நகர்த்துவார்கள். ராஜஸ்தான் மணலிலும் செய்தார்கள், ஒடிசாக் காட்டிலும் செய்தார்கள். ஜபர்பல் ஆஸ்பத்திரிக்காகப் பாறையைக் குடைந்து குடைந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில் புகையப் புகைய வெதுவெதுப்பாகத் தண்ணீர் பீறிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்று விடிந்ததும் அர்த்தனாரி ஹோஸைப் பிடித்து வண்டியைக் குளிப்பாட்டிவிட்டான். மாதேஷ் கிணற்றடியில் பைப் ஏற்றிக்கொண்டிருந்தான். குழந்தைவேல் ஊருக்குள் விடைபெறப் போயிருந்தார். தண்ணீர் சாலையில் இறங்கி ஓடியதை அர்த்தனாரி பார்த்தான். நல்ல ஓட்டம், நல்ல கிணறு என்று பெருமைகூடப் பட்டான்.

நேற்றுத்தான் உள்ளூர் ஜீப்காரர் பஷீர் இந்தியில் சொல்லியிருந்தார். “டீ மிச்சம் இருந்தால்கூட ரோட்டில் ஊற்றாதே பாயி.” எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அர்த்தனாரி.

பின்னால் காலடிச் சத்தம். யோசிக்க நேரமில்லை. ஓரத்தில் கிடந்த பனித்தூளை இரண்டு கையாலும் அள்ளிச் சிவப்புக் கோட்டின் மேல் போட்டான். அப்படிப் போட்டது தன் கைதானா என்று அவனுக்கே கூசியது. ஆனாலும் போட்டான்.

வந்தது பஷீர். தாடியெல்லாம் வெண்பனி. ஓரச் சுவர் பெயர்ந்து கிடந்த இடத்தில் படுத்து எட்டிப் பார்த்தார்.

“வண்டி தெரியவில்லை. ஆனால் நேரே ஆற்றில் விழவில்லை. சரிவிலே உரசிக்கொண்டு போயிருக்கிறது. கீழே இதே ரோடு திரும்பி வருகிறது. அங்கேதான் எங்காவது நிற்கும்.”

“ஜீப்பை எடுங்க பாயி, போலாம்.”

“ஜீப்பால் ஆளைத் தூக்கலாம். லாரியை யார் பிடிப்பது? அது பாறையில் தொங்கினால், நாம் கை வைத்ததும் ஆற்றுக்குள் போகும்.” பஷீர் திரும்பி மேலே பார்த்தார். “உன் வண்டியில் வின்ச் இருக்கிறதே?”

இருந்தது. டன் கணக்கில் ராடுகளைக் கம்பியில் கட்டித் தூக்குகிற வின்ச். ஆனால் அந்த யானையை இந்தக் கண்ணாடியின் மேல் இறக்க வேண்டும்.

“இதுல ரிக்கை இறக்கறதா?” மூச்சிரைக்க வந்து சேர்ந்த மாதேஷ் கேட்டான். “அண்ணா, அப்பறம் நம்மளைத் தேட இன்னொரு வண்டி வரோணும்.”

“நான் ஓட்டறேன். நீ ஏற வேண்டாம்.”

“நல்லா இருக்குதே கதை. வின்ச்சை யாரு புடிப்பா, உங்க தாத்தனா?”

வழி கண்டுபிடித்தவன் மாதேஷ்தான். துளை போடும்போது வெளியே வந்த கல்மாவு கிணற்றடியில் குன்றாகக் குவிந்திருந்தது. கிராமத்து ஆட்கள் சாக்குச் சாக்காக அள்ளிவந்தார்கள். மாதேஷ் வளைவில் அதைத் தூவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் அவன் பூட்ஸ் பனித்தூளை விலக்கியது. குனிந்தான். நிமிர்ந்து, மேலே குங்குமப் பொட்டும் மாலையுமாய் நின்ற ரிக்கைப் பார்த்தான். பிறகு அர்த்தனாரியைப் பார்த்தான்.

அர்த்தனாரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாதேஷ் அந்த இடத்தில் மட்டும் ஒரு சாக்கு முழுவதையும் கொட்டினான்.

பஷீர் தன் ஜீப்புக்கென்று உபரியாக வைத்திருந்த பனிச் சங்கிலிகளை ரிக்கின் பின் டயர்களுக்கு மாட்டினார். எட்டவில்லை. ரிக்கில் கிடந்த பழைய சங்கிலியை வெட்டி ஒட்டுப்போட்டார்கள். பஷீர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

“பிரேக் என்று ஒன்று இருப்பதையே மற. கியர்தான் உன் பிரேக். வண்டி வழுக்கினால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. பயந்து மிதித்தாயோ, முடிந்தது.”

முதல் கியர். ரிக் உறுமிக்கொண்டு நகர்ந்தது. முதல் வளைவைக் கல்மாவு காப்பாற்றியது. இரண்டாவது வளைவுக்கு மாவு எட்டவில்லை. அங்கே மலையின் நிழல், இயல்பாகவே உறைந்த பனி. வண்டியின் பின்பக்கம் மெல்ல, மிக மெல்ல, பள்ளத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. சத்தமே இல்லை. அதுதான் கொடுமை.

அர்த்தனாரியின் வலது கால் பிரேக்குக்குத் தாவியது. இத்தனை வருஷம் பழகிய கால். அதைத் தொடையோடு சேர்த்துக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டான்.

“அண்ணா, பள்ளம்ணா,” என்றான் மாதேஷ், மிகச் சன்னமாக.

ஸ்டியரிங்கைப் பள்ளத்தின் பக்கமே திருப்பினான். உடம்பின் ஒவ்வொரு நரம்பும் வேண்டாம் என்றது. பின் டயர் ஓரச் சுவரை உரசிக் கல்லைப் பெயர்த்தது. சங்கிலி எங்கோ தாரைக் கவ்வியது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி நேரானது.

“எறங்குனதும் எனக்குப் புது ஜட்டி வாங்கித் தரோணும்,” என்றான் மாதேஷ். அர்த்தனாரிக்குச் சிரிப்பு வரவில்லை. இதே நழுவல், இதே சத்தமில்லாத நழுவல்தானே மச்சானுக்கும்? அவருக்கு முன்னால் நடந்து வழி சொல்ல ஆளில்லை. மாவு தூவ ஆளில்லை.

கீழ்ச்சாலையில் மூட்டம் கொஞ்சம் விலகியது. சாலைக்குக் கீழே, ஆற்றுக்கு மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் தலைகீழாகச் செருகிக்கொண்டு நின்றது சப்போர்ட் வண்டி. பைப்புகள் சிதறிக் கிடந்தன. காற்றடித்தபோது வண்டி லேசாக ஆடியது. அவற்றில் ஒரு பாறை மட்டும்தான் அதை ஆற்றுக்குள் போகாமல் தாங்கியிருந்தது.

“மச்சான்!”

மறுபடி கூப்பிட்டான். கேபினிலிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

“கத்தாதடா. காது கேக்குது. காலுதான் வர மாட்டேங்குது.”

ரிக்கின் ஜாக்கிகளைச் சாலையில் ஊன்றினார்கள். வின்ச் கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அர்த்தனாரி சரிவில் இறங்கினான். லாரியின் அடிச்சட்டத்தில் கொக்கியை மாட்டிவிட்டுக் கையை அசைத்தான். மாதேஷ் லீவரை இழுத்தான். கம்பி விறைத்தது. லாரி அசையவில்லை. மேலே நின்ற ரிக்தான் அசைந்தது. ஜாக்கியின் இரும்புத் தட்டுகள் பனியில் வழுக்கி, ரிக் ஒரு முழம் பள்ளத்தை நோக்கி வந்தது.

“நிறுத்து, நிறுத்து!” பஷீர் பாய்ந்தார். மிச்சமிருந்த மாவுச் சாக்குகளைத் தட்டுகளுக்கு அடியில் திணித்தார். போதாமல் தன் கம்பளி மேலங்கியைக் கழற்றி அதையும் திணித்தார். அந்தக் குளிரில் சட்டையோடு நின்று கையைக் காட்டினார். “இப்போது இழு.”

இந்த முறை ரிக் நின்றது. லாரி ஆட்டத்தை நிறுத்தியது.

அர்த்தனாரி உடைந்த கண்ணாடி வழியாகக் கேபினுக்குள் நுழைந்தான். குழந்தைவேலின் இடது கால் டேஷ்போர்டுக்கு அடியில் நசுங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்.

“மாப்ள,” என்றார் அவர். பல் கிடுகிடுவென்று அடித்தது. “எப்படிப் போச்சுன்னே தெரியலடா. ரோடு கருப்பாத்தான் தெரிஞ்சுது. பனியே இல்லைன்னு நெனச்சேன். மிதிச்சேன், போயிருச்சு.”

“பேசாதீங்க மச்சான்.”

“கண்ணு மங்கிப் போச்சு போல. வயசாயிருச்சு எனக்கு. என் தப்புத்தான். மொதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன்.”

கீறல் விழாத குழந்தைவேல் என்றுதான் திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளில் அவருக்குப் பேர். பெயின்ட்டில் ஒரு கோடு விழாமல் இந்தியா முழுக்கச் சுற்றி வந்தவர். அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொள்வார். இப்போது அதே மனுஷன், செய்யாத தப்புக்குக் குழந்தை போல முகத்தை ஒளித்துக்கொண்டார்.

இப்போது சொல்லிவிடலாம். அர்த்தனாரி வாயைத் திறந்தான். கடப்பாரையை ஓங்கி நெம்பினான். தகடு வளைந்து கால் வெளியே வந்தது. குழந்தைவேல் வலியில் அலறினார். அந்த அலறலுக்குள் வார்த்தை தொலைந்துபோனது. தொலைந்தது நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது பாருங்கள், அதற்காகவே அவன் மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

கயிற்றில் கட்டி, முதுகில் சுமந்து, மேலே கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் பின்னாலேயே மெல்ல ஓட்டிவந்திருந்த பஷீரின் ஜீப் ஒவ்வொரு வளைவாகத் தவழ்ந்து ஜபர்பல்லுக்கு ஏறியது.

ஊரே ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்தது. டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஆனால் கால் தங்கும் என்றார். வெளியே ஒரே ஆரவாரம். யாரோ அர்த்தனாரியின் தோளில் கம்பளி போர்த்தினார்கள். யாரோ கையில் சூடாகக் குங்குமப்பூ டீ கொடுத்தார்கள். “சிங்கம் இவன்,” என்று பஷீர் கூட்டத்துக்குச் சொன்னார். “ஒரு முறைகூட பிரேக்கை மிதிக்கவில்லை.” ஆண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கட்டும்போதும் அர்த்தனாரி இன்னும் கொஞ்சம் குறுகினான். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். மாவுக்கட்டுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த குழந்தைவேல் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க மொதலாளி. என் தப்புத்தானுங்க. ரோட்டைப் பார்க்காம மிதிச்சுட்டேன். வண்டி போனது போனதுதானுங்க. இனி நான் ஸ்டியரிங் தொட மாட்டேனுங்க. ஊருக்கு வந்ததும் சாவியக் குடுத்துர்றேன்.”

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு அர்த்தனாரியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“உடு மாப்ள. ஆடு மேய்க்கிறதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்க.”

மாதேஷ் கதவோரம் நின்றிருந்தான். அவன் அர்த்தனாரியைப் பார்க்கவே இல்லை. தன் பூட்ஸில் ஒட்டியிருந்த கல்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் கேட்டாலும் சொல்ல மாட்டான், எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டான் என்பது அர்த்தனாரிக்குத் தெரிந்தது. அது இன்னும் கனத்தது.

போன் மறுபடி அடித்தது. குழந்தைவேல் எடுத்தார். குரல் மாறியது.

“அழுவாத புள்ள. ஒண்ணுமில்ல எனக்கு. நான்தான் கண்ணு தெரியாமக் கவுத்துப்போட்டேன். உன் தம்பி வந்து உசுரைக் குடுத்துத் தூக்கினான். இரு, இங்கதான் நிக்கறான்.” போனை நீட்டினார். “உங்கக்கா. உன்னைக் கையெடுத்துக் கும்புடோணுமாம். பேசு.”

அர்த்தனாரி போனை வாங்கினான். அந்தப் பக்கம் அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். என் தாலியைக் காப்பாத்துன சாமிடா நீ என்றாள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள், மாமா பேசணும் என்கிறார்கள் என்றாள். கம்பளி அவன் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்:

“அக்கா, மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல, அவரு கண்ணும் நல்லாத்தான் இருக்குது, புதுத் தண்ணியில வண்டியக் கழுவி ரோட்டுல ஓட விட்டேன், அது உறைஞ்சுதான் அவரு வண்டி போச்சு, தெரிஞ்சும் நான் அதை மூடி மறைச்சேன்.”