வெயில் உண்டு, செலவு கம்மி, பிணம் ஒன்று!

“ஐயோ...! தோனா க்ளெனிஸ்...! உள்ளே வராதீங்க...!”

வேலைக்காரி ஒடெட் சமையலறை வாசலில் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்துக்கொண்டு அலறினாள்.

அவள் மரியாதையாக ‘தோனா’ என்று அழைக்கும் எஜமானி க்ளெனிஸின் கையிலிருந்த பை நழுவியது. போர்ச்சுகலின் தவிரா ஊர்ச் சந்தையில் வாங்கிய மத்தி மீன்கள் தரையில் வழுக்கி ஓடின.

ஒடெட்டின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

டெஸ்மண்ட்!

முப்பத்தெட்டு வருஷம் அவளோடு வாழ்ந்த கணவர் மல்லாந்து கிடந்தார். இடது நெற்றி உள்வாங்கி நொறுங்கியிருந்தது. ஒரு கண் மட்டும் திறந்து கூரையைப் பார்க்க... வெள்ளைத் தரை ஓடுகளின் இடுக்குகளில் ரத்தம் கட்டம் கட்டமாக ஓடி உறைந்திருந்தது.

க்ளெனிஸுக்கு அழுகை வரவில்லை.

‘இனிமேல் காரை யார் ஓட்டுவார்கள்?’

முதலில் தோன்றியது அதுதான். தோன்றிய மறுகணமே அவளுக்குத் தன்மீதே கூச்சமாக இருந்தது.

இருபது நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் பெலார்மினோ வந்துவிட்டார். தொப்பை... தடித்த மீசை... தூங்குவதுபோல் பாவனை காட்டும் கண்கள்.

“வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு மேடம்?”

“என்கிட்ட... அவர்கிட்ட... ஒடெட்கிட்ட.”

இன்ஸ்பெக்டரின் பார்வை ஒடெட் பக்கம் திரும்பியது.

“எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“பதினொன்னுக்கு. தோனா வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி.”

“கதவு?”

“சும்மா சாத்தியிருந்துச்சு. என்னை ஏன் இப்படிப் பாக்கறீங்க? வேலைக்காரின்னா கொலைகாரியா?”

அதற்குள் கான்ஸ்டபிள், பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டிலிருந்து கனமான இரும்பு வாணலி ஒன்றைக் கையுறையால் தூக்கினான்.

“சார்! ஆயுதம் இதுதான்! கைப்பிடி இடுக்குல ரத்தம். கழுவி வெச்சிருக்காங்க!”

பெலார்மினோ குனிந்தார். வாணலி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது.

சோப்பு நுரை!

“ஒடெட்... இதை நீங்க கழுவினீங்களா?”

“நானா?” ஒடெட் சீறினாள். “நுரையை அலசாம அப்படியே கவுத்து வெக்கிற பொழப்பை எங்க வீட்டுப் பன்னி கூடப் பண்ணாது! இருபது வருஷமா இந்த இங்கிலீஷ்காரங்க வீடுகள்ல கத்தறேன்... ‘சோப்பைத் தின்னாதீங்க, தண்ணியில அலசுங்க’ன்னு. ஒருத்தராவது கேக்கணுமே!”

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

“எங்கம்மாவும் இவங்க வீடுகள்ல வேலை பார்த்தவங்கதான். தினமும் இதே புலம்பல். நம்ம ஊர்க்காரன் கொலை கூடப் பண்ணுவான்... ஆனா பாத்திரத்தை அலசாம வெக்க மாட்டான்!”

“அப்போ...?” என்றான் கான்ஸ்டபிள்.

“கொலை பண்ணினது ஒரு இங்கிலீஷ் ஆள்!”

அந்தத் தூக்கக் கண்கள் மெதுவாக... மிக மெதுவாக... க்ளெனிஸ் பக்கம் திரும்பின.



“நான்... ஒன்பதரையிலேர்ந்து சந்தையில இருந்தேன். மீன்காரி சுல்மிராவைக் கேட்டுப் பாருங்க...”

வாசலிலிருந்து இன்னொரு கான்ஸ்டபிள் ஓடி வந்தான்.

“சார்! எதிர்க்கடைக்காரர் சொல்றார்... பத்தரைக்கு இங்க நைஜலோட வெள்ளைக் கார் நின்னுச்சாம். அஞ்சே நிமிஷத்துல சிட்டாப் பறந்துடுச்சாம்!”

நைஜல்!

பென்ஷன் வாங்கிக்கொண்டு வெயில் தேடி வரும் இங்கிலீஷ்காரர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் தரகன். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து... அதில் தங்கச் சங்கிலி. ஆறு மாதமாக டெஸ்மண்டோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவன். அவனும் இங்கிலாந்துக்காரன்தான்!

“பிடிங்க அவனை!” இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

*

பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். சமையலறைக்கு சீல். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் காவல்.

மாடிப் படுக்கையறையில் க்ளெனிஸ் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கெட்டில். கல்யாணமானாலும் சாவு விழுந்தாலும் டீ போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

மேஜைமேல் டெஸ்மண்டின் நீல நோட்டு.

நாலு மழைக்காலமாக அவர் எழுதிய நோட்டு. எந்த தேசத்தில் வெயில் அதிகம்? எங்கே செலவு கம்மி? உன்னிப்பாக விசாரித்து விசாரித்து எழுதியிருந்தார். ‘உனக்கு எந்த ஊர் பிடிக்கும் க்ளெனிஸ்?’ என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் தனக்கு விருப்பம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தாள்.

புரட்டினாள்.

கிரீஸ். இரண்டு பேருக்கு... கட்டாது. ஆஸ்பத்திரி தூரம்.

சைப்ரஸ். இரண்டு பேருக்கு... கட்டாது.

ஸ்பெயின். இரண்டு பேருக்கு... கட்டாது.

போர்ச்சுகல்...

க்ளெனிஸின் விரல் நின்றது.

போர்ச்சுகல். ஒரு ஆளுக்கு... கட்டும்!

ஒரு ஆளுக்கு?

அடுத்த பக்கம். அதே அழகான, சாய்ந்த கையெழுத்து.

‘லீட்ஸ் வீடு க்ளெனிஸ் பெயரில். விற்கச் சம்மதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, டீயில் அரளி. நைஜலுக்குத் தெரிந்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதித் தருவார். நைஜலுக்குப் பத்து சதவீதம்.’

இன்று செவ்வாய்க்கிழமை!

மளிகைச் சாமான் பட்டியல் எழுதும் அதே நிதானத்தோடு அவள் சாவையும் எழுதி வைத்திருந்தார் மனுஷர். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“படிச்சிட்டியா?”

க்ளெனிஸ் விருட்டென்று திரும்பினாள்.

மொட்டை மாடிக் கதவருகே நைஜல்! பின்பக்கப் படிக்கட்டில் ஏறி வந்திருந்தான்.

“நோட்டைக் கொடு க்ளெனிஸ்.”

“ஏன்டா... நீதான் அவரைக் கொன்னியா?”

“நான் இல்ல! நான் வந்தப்பவே அந்தாளு செத்துக் கிடந்தான்! எவனோ முந்திக்கிட்டான். ஆனா அந்த நோட்டுல என் பேர் இருக்கே...!”

பாய்ந்தான்.

கொத்தாக முடியைப் பற்றி அவள் தலையைச் சுவரில் மோதினான். ஒரு தரம்... இரண்டு தரம்... உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவன் கட்டைவிரல்கள் தொண்டைக்குழியில் இறங்கின.

“கத்துடி பார்ப்போம்! ரொம்ப நல்ல பொம்பளையாச்சே நீ... உன் புருஷன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அவ செத்தாலும் சத்தம் போட மாட்டா’ன்னான்!”

முப்பத்தெட்டு வருஷத்து மௌனம் அந்தக் கணத்தில் அவளுக்குள் எங்கோ அறுந்தது.

கை துழாவியது... கெட்டில் அகப்பட்டது... தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

முகத்தில் ஊற்றினாள்!

“ஆ...ஆ...ஆ...!”

தோல் உரிந்து தொங்கிய முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் பின்வாங்க... க்ளெனிஸ் வீறிட்டு அலறியபடியே காலிக் கெட்டிலால் அவன் தாடையில் ஓங்கி அறைந்தாள். பற்கள் தெறித்தன. இன்னொரு அறை! மொட்டை மாடியின் படி விளிம்பில் அவன் கால் இடறியது.

தடால்... தடால்... தடால்...

பதினெட்டுக் கல்படிகள். கடைசிப் படியில் முழங்கால் எலும்பு வெள்ளையாக வெளியே எட்டிப் பார்த்தது.

வாசல் கான்ஸ்டபிள் விசிலோடு ஓடி வந்தான்.

“நான் கொல்லலடா...! சத்தியமா நான் கொல்லல...!” நைஜல் தரையில் புழுவாக நெளிந்தான்.

எவன் நம்புவான்?

*

சாயங்காலம் ஆறு மணி. சீலை எடுத்துவிட்டார்கள்.

ஒடெட் முழங்காலிட்டுச் சமையலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய உதட்டோடு க்ளெனிஸ் நாற்காலியில்.

“ஒடெட்... நைஜல் பொய் சொல்லல. அவன் கண்ணைப் பார்த்தேன்.”

ஒடெட்டின் கை நின்றது.

“தோனா... நான் இன்னிக்கு வந்தது பதினொன்னுக்கு இல்ல. பத்து மணிக்கு.”

க்ளெனிஸ் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள்.

“உரல்ல அரளி இலையை இடிச்சுக்கிட்டு இருந்தார். பக்கத்துல உங்க டீ டப்பா. ‘எதுக்கு இது?’ன்னு கேட்டேன். மீன் வெட்டற கத்தியை எடுத்துக்கிட்டு பாய்ஞ்சார். கைக்கு வாணலி அகப்பட்டுச்சு... ஒரே போடு. உரலையும் கத்தியையும் எங்க ஊர் வழக்கப்படி நல்லா அலசி வெச்சேன். டீ டப்பாவைக் கொட்டிட்டேன்.”

“வாணலியை மட்டும்...?”

“உங்க ஊர் வழக்கப்படி!”

“என்னைப் பிடிச்சிருந்தா?”

“சுல்மிரா என் சித்தி மக. நீங்க சந்தையில இருந்தீங்கன்னு சாட்சி சொல்லியிருப்பா. சந்தையிலேர்ந்து நீங்க எப்போ கிளம்புவீங்கன்னு எனக்குத் தெரியாதா? நைஜல் வந்து மாட்டினது கடவுள் கொடுத்த இனாம். போலீஸ்ல சொல்லியிருப்பேன்... ஆனா ஒரு வேலைக்காரி பேச்சை எவன் நம்புவான்? இப்போ என் கழுத்து உங்க கையில.”

க்ளெனிஸ் எழுந்தாள். தொண்டை இன்னும் வலித்தது. ஒடெட்டின் இந்தக் கைகள் இல்லையென்றால் இந்நேரம் அவளுக்குத்தான் மாரடைப்பு!

வாசலில் பூட்ஸ் சத்தம்.

இன்ஸ்பெக்டர்!

“மேடம், நீங்க கொடுத்த அந்த நோட்டே போதும். கூட்டாளிங்களுக்குள்ள பங்குத் தகராறு. தடியன் கொலையை மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறான்... ஒத்துக்குவான். நீங்க எதாவது சொல்லணுமா?”

ஒடெட்டின் முகம் வெளுத்தது.

“ஒண்ணுமில்ல இன்ஸ்பெக்டர்” என்றாள் க்ளெனிஸ்.

டீக்கோப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குழாயைத் திறந்து ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம் அலசினாள்.

பெலார்மினோ அதையே பார்த்தார். பிறகு ஒடெட்டைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ நெளிந்து மறைந்தது.

“பரவாயில்லையே... எங்க ஊர்க்காரியா மாறிட்டீங்க! அப்போ இங்கிலாந்துக்குத் திரும்பப் போறதில்லையா?”

“எதுக்குப் போகணும்?” கோப்பையை வெயிலில் பிடித்து நுரை இருக்கிறதா என்று பார்த்தபடி க்ளெனிஸ் சொன்னாள். “ஒரு ஆளுக்கு இந்த ஊர் கட்டுப்படியாகும்னு என் புருஷனே கணக்குப் போட்டு வெச்சிட்டுப் போயிருக்காரே!”