பத்து மணிக்கு மெலியும் வெந்நீர்

சரியாகப் பத்து மணிக்கு வெந்நீர் மெலிந்துவிடும். அதுவரை வாளி அதிர விழுந்துகொண்டிருந்த நீர் நூலாகிச் சிணுங்கும். கால் மணி நேரம் கழித்துத் தானாகவே பழைய வேகத்துக்கு வரும். பச்சைத் தண்ணீர்க் குழாயில் ஒரு குறையும் இல்லை. நான்கு நாட்களாக ஜோவிதா கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். பால்காரர் ஊற்றும் பாலையும் கணவன் டிரேவரின் சட்டைப் பையையும் நம்பாதவள், குழாயையா நம்புவாள்?

லிங்கராஜபுரத்தில் மாடி வைத்த வாடகை வீடு அது. மொட்டை மாடியில் ஒரே சோலார் ஹீட்டர். அதிலிருந்துதான் மேல் வீட்டுக்கும் இவர்களுடைய கீழ் வீட்டுக்கும் குழாய் பிரிகிறது. மேலே இருந்த வீட்டுக்காரி அல்போன்சா ஆன்ட்டி இறந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. துபாயில் இருக்கும் மகள் வந்து வீட்டைப் பூட்டி, சாவியை ஜோவிதாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

பிளம்பர் முனியப்பன் குழாய் முனையைக் கழற்றி, போர்வெல் தண்ணீரின் உப்புப் பொருக்கைத் தட்டிவிட்டார். உள்ளே காற்று அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பத்து மணி ஆயிற்று, நீர் மெலிந்தது. அவர் சுவர்க் குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

"மேல் வீட்ல யாரோ குழாய் நல்லி தொறந்திருக்காங்க அக்கா. சுடுதண்ணி அங்க ஓடுது."

"மேல யாருமே இல்லையே. சாவி எங்கிட்டதான இருக்கு."

"அப்ப இன்னொரு சாவி யார்கிட்டயோ இருக்கு."

மொட்டை மாடியில் மேல் வீட்டுக்கான வால்வைக் காட்டி, வேண்டுமானால் மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு சாவி யாரிடம்? டிரேவரிடமா? கேட்டால் சிரித்தான். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளை அதிகம் உறுத்தியது அந்தப் பத்து மணிதான். குழந்தை டென்சிலை ஆன்ட்டி மேலே தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டிய நேரம் அது. ஆன்ட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். மணைக்கட்டையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் குப்புறப் போட்டு, ஆவி பறக்கச் சொம்பு சொம்பாக ஊற்றுவாள். டென்சிலுக்கு நாற்பது நாள் ஆனபோது, ஒரு காலை, வீறிட்டு அழுத குழந்தையின் குரல் சட்டென்று நின்றது. ஜோவிதா மாடிக்கு ஓடிப்போய்ப் பறித்துக்கொண்டாள். உதடு நீலமாக இருந்தது. இல்லை, அந்தக் குளியலறை வெளிச்சமே அப்படியா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"அழுகை நிக்கிற வரைக்கும் ஊத்தணும் ஜோவி. பாதியில தூக்கக் கூடாது," என்றாள் ஆன்ட்டி, சொம்பைக் கீழே வைக்காமல்.

இனி என் பிள்ளையைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாள் ஜோவிதா. அடுத்த வாரம் ஆன்ட்டி தூக்கத்திலேயே இறந்துபோனாள். ஜோவிதாவுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு டென்சில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். நீர் மெலிந்ததும் ஜோவிதா வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. குழாய்க்குள் நீர் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்டது. இரண்டு கையாலும் வால்வைத் திருகி இறுக்கினாள். சத்தம் நின்றது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு இறங்கி, மேல் வீட்டைத் திறந்தாள்.

பூட்டிய வீட்டின் புழுக்க வாடை. தூசி. அதற்குள் எங்கிருந்தோ சாம்பிராணி மணம். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மணைக்கட்டை நனைந்திருந்தது. குழாய் திறந்தபடி சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

தரையில் ஈரக் காலடிகள். குளியலறையிலிருந்து கூடத்துக்கு. கூடத்திலிருந்து, அவள் இப்போதுதான் திறந்த வாசலுக்கு. வாசலைத் தாண்டி, படிகளில், கீழே.

அவளுடைய வீட்டை நோக்கி.

ஓடினாள். பூட்டு போட்டபடியே இருந்தது. காலடிகள் கதவடியில் முடிந்திருந்தன. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. நுழைந்தது. திறந்தாள்.

தொட்டில் காலி.

குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. வெந்நீர் விழுந்துகொண்டிருந்தது. மெலியவே இல்லை; முழு வேகம். மேலே போகாமல் அவள் அடைத்த நீரெல்லாம் இங்கே. அதன் நடுவில் டென்சில் வீறிட்டு அழுதான்.

கதவை இடித்தாள். தோளால் மோதினாள். கதவடியில் சூடாக நீர் கசிந்து அவள் பாதத்தைத் தொட்டது.

"அழுடா கண்ணு. அழுதுட்டே இரு. நிறுத்தாத," என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினாள் ஜோவிதா.

அழுதான். இன்னும் அழுதான்.

பிறகு அழுகை நின்றது.

உள்ளே குழாயை யாரோ நிதானமாக மூடும் சத்தம் கேட்டது.