காலி இருக்கையின் கையில்

விமானம் இடப்பக்கம் சாயவில்லை.

ராடிம் அதை உடனே கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துணியின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். கீழே அக்டோபர் மாதத்து ஏரி ஈயத் தகடுபோல் அசையாமல் கிடந்தது. கரையோரத் திராட்சைத் தோட்டங்கள் துருவின் நிறத்துக்கு மாறியிருந்தன. நான்கு மணி வெயில் விமானி அறையின் கண்ணாடி மூடி வழியே சாய்ந்து விழுந்து, பழைய ரப்பரும் சூடான எண்ணெயும் யாரோ எப்போதோ விட்டுப்போன வியர்வையும் கலந்த அந்த வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ராணுவம் கழித்துப்போட்ட பயிற்சி ஜெட். டெல்ஃபின் என்று பெயர். அவனைவிட மூன்று வயது மூத்தது. ஓட்டும் பிடியிலிருந்து கையை எடுத்தால் மூன்றாவது நொடியில் இடது இறக்கையைத் தாழ்த்திவிடும். பதினோரு வருடமாக எத்தனை முறை சரிசெய்தும் அந்தக் கோணல் போனதில்லை.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டபோது ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். இறக்கைகள் அடிவானத்தோடு ஒட்டவைத்ததுபோல் நேராக இருந்தன.

அப்போதுதான், கொஞ்சம் முன்னால் தன் வாய் என்ன சொன்னது என்பது அவனுக்கு உறைத்தது.

"உங்க கையில."

சனி, ஞாயிறுகளில் ஜெட்டில் ஏறிப்பார்க்கும் ஆசையோடு வருகிறவர்களை அவன் பின்னிருக்கையில் உட்காரவைப்பான். இந்த ஏரிக்கு மேல் வந்ததும் ஐந்து நிமிடம் ஓட்டக் கொடுப்பான். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரிப் பிடி, ஒரே மாதிரி மிதிகட்டை. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். அதனால் ஒரு முறை உண்டு. கொடுப்பவன் 'உங்க கையில' என்று சொல்லி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். வாங்குபவன் 'என் கையில' என்று சொல்ல வேண்டும். அவன் திருப்பித் தரும்வரை இவன் தொடக் கூடாது.

இன்று பின்னால் யாரும் இல்லை. எண்ணெய் வடிகட்டி மாற்றியதற்கு ஒரு சோதனைச் சுற்று, அவ்வளவுதான். ஏரி வந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வாய் பழக்கத்தில் சொன்னது, கைகள் பழக்கத்தில் உயர்ந்தன.

மூடியின் உள்விளிம்பில் இருந்த சிறிய கண்ணாடியில் பின்னால் பார்த்தான். காலியான தலைச்சாய்வு. அதன்மேல் வெயில்.

"என் கையில," என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பிடியைப் பற்றினான்.

பிடி இணங்கவில்லை. இரும்புபோல் இறுகி நிற்கவும் இல்லை. விளையாட்டில் லயித்துப்போன ஒருவர் 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று மென்மையாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுபோல, அவன் இழுத்த அளவுக்கு அது எதிர்த்தது. பிறகு விமானம் மெதுவாக வலப்பக்கம் திரும்பி, புறப்பட்ட விமானத் தளத்தின் திசையைப் பிடித்தது.

"ப்ளாங்கா," என்றான் வானொலியில்.

சிறிய விமானத் தளம் அது. கோபுர அறையில் வானொலி பார்ப்பதும், கீழே உணவு அறையில் சமைப்பதும் ப்ளாங்காதான்.

"சொல்லுங்க கேப்டன் ஐயா. குலாஷ் கறிக்குழம்பு ஆறிப்போச்சு. மாவு உருண்டையெல்லாம் கல்லாட்டம் கெடக்கு. யார் தலையிலயாவது போட்டா ஆளு காலி."

"கண்ட்ரோல் எங்கிட்ட இல்ல."

"பின்ன யார்கிட்ட இருக்கு? உன் மாமியார்கிட்டயா?"

அவன் மறுபடி பிடியை இழுத்துப் பார்த்தான். மூச்சிரைப்பு வானொலியில் கேட்டது. அவள் குரல் மாறியது.

"ராடிம்? பிடி இறுகிக்கிச்சா?"

"இறுகல. நல்லா அசையுது. நான்தான் அசைக்கல."

ஓடுபாதை முன்னால் வந்தது. சக்கரங்கள் தாமாக இறங்கின. தரைக்கு வெகு மேலேயே மூக்கு தூக்கிக்கொள்ள, விமானம் தொப்பென்று விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்தது. ராடிமின் பற்கள் நாக்கில் பதிந்தன. நின்றுவிடும் என்று நினைத்தான். இடது கையருகே இருந்த, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசைநெம்பு முழுதாக முன்னால் போனது. அவன் இரண்டு கைகளாலும் பின்னால் இழுத்தான். எரிபொருளை அடைக்கும் நெம்பை இழுத்தான். எல்லாமே ஜோடி ஜோடியாக இருப்பவை. எல்லாவற்றையும் பின்னாலிருந்து ஏதோ பிடித்திருந்தது.

மீண்டும் வானம்.

"அட கடவுளே, என்னய்யா எறக்கம் இது?" ப்ளாங்கா கத்தினாள். "கத்துக்குட்டி யாரையாச்சும் ஓட்ட விட்டியா?"

அவனுக்கும் அதேதான் தோன்றியிருந்தது. ராணுவத்தில் இருபது வருடம் பயிற்சி கொடுத்தவன் அவன். தரை நெருங்கும் பயத்தில் முதல் நாள் எல்லோரும் செய்கிற தவறு இது. விமானத்தின் மூக்கையே பார்ப்பார்கள்.

சுற்றி வந்து, அது மறுபடி இறங்கத் தொடங்கியது. மறுபடியும் அதே தவறு வரப்போவது பிடியின் நடுக்கத்தில் தெரிந்தது. இந்த முறை சக்கரம் உடைந்துவிடும்.

"மூக்கப் பாக்காத," என்று கத்தினான். "பாதையோட கடைசியப் பாரு!"

பிடி நடுங்குவதை நிறுத்தியது.

அது கேட்டது.

சக்கரங்கள் ஒரே ஒரு முறை துள்ளின. விசை முன்னால் போனது. எழுந்தது.

அவன் வேறு வழிகளை எண்ணிப்பார்த்தான். இருக்கையை வெளியே வீசும் வெடிமருந்தை, இந்தப் பழைய ஜெட்டுக்குப் பறக்க அனுமதி வாங்கும்போதே கழற்றிவிட்டார்கள். குதிக்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் தாழ்ப்பாளை இழுத்தான். அதுவும் ஜோடிதான். நகரவில்லை.

மூன்றாவது சுற்று. நான்காவது. காற்று பக்கவாட்டில் தள்ளியபோது எந்த மிதிகட்டையை அழுத்த வேண்டும் என்று சொன்னான். சொல்லாவிட்டால் சாவான். சொன்னால் அது கற்றுக்கொண்டது. வேகமாக. அவனுடைய எந்த மாணவனையும்விட வேகமாக. ஒவ்வொரு முறை அவன் பேசும்போதும் பிடி அசையாமல் நின்று, அவன் முடிக்கும்வரை காத்திருந்தது.

"தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டாச்சு," ப்ளாங்காவின் குரலில் இப்போது அழுகை இருந்தது. "எறங்கிடுய்யா. தயவுசெஞ்சு எறங்கிடு. எரிபொருள் எவ்ளோ இருக்கு?"

சிவப்பு விளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. எஞ்சின் சீராகப் பாடிக்கொண்டிருந்தது.

ஆறாவது இறக்கத்தில் சக்கரங்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை. அவனே அப்படி இறக்கியதில்லை.

அந்த நொடியில்தான் அவனுக்கு அது தோன்றியது. மாணவன் தேறிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? விமானத்தை நிறுத்தச் சொல்வார். இறங்கிக்கொள்வார். புல்வெளியில் போய் நின்று, அவன் தனியாகப் பறப்பதைப் பார்ப்பார். உலகத்தில் எல்லா விமானத் தளங்களிலும் இதுதான் நடைமுறை. இது கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறது? கற்றுக்கொண்டாயிற்று.

"அருமை," என்றான். "ரொம்ப அருமை. இனி நான் தேவையில்ல. நீ தனியாவே ஓட்டலாம்."

பிடி அசையாமல் நின்றது. யோசிப்பதுபோல. விசை பின்னால் வந்தது. வேகம் குறைந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் தீயணைப்பு வண்டி ஓடிவருவது தெரிந்தது. புல் தெரிந்தது. ஒவ்வொரு புல்லாகத் தெரிந்தது.

ராடிம் அழுதுகொண்டே சிரித்தான்.

விசை முன்னால் போனது.

"வேணாம். நிறுத்து. நான் எறங்கணும். மொதல்ல நான் எறங்கணும்!"

புல் போனது. வண்டி போனது. ப்ளாங்கா அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆயிரம் மீட்டர். ஆயிரத்து இருநூறு. கீழே உழுத வயல்கள், கறுத்து, ஈரமாக. விமானம் சமநிலைக்கு வந்தது. சாயவே இல்லை.

அவன் மார்பில் ஏதோ 'க்ளிக்' என்றது.

குனிந்து பார்த்தான். நான்கு வார்களும் சேரும் பூட்டு திறந்திருந்தது. பாராசூட்டும் அந்த வார்களோடு சேர்ந்ததுதான். இடது தோள்வார் மேலே எழும்பி, அவன் கையைத் தாண்டி, பின்னால் போனது. வலது தோள்வார். இரண்டும் சிறிதும் முறுக்கில்லாமல் இருக்கையின் பக்கங்களில் படிந்தன. அவன் எட்டிப் பிடித்தான். அவை மெல்ல, இறங்கப்போகும் ஆசிரியருக்கு உதவுவதுபோல் மரியாதையாக, அவன் விரல்களிலிருந்து தம்மை உருவிக்கொண்டன.

மூடியின் தாழ்ப்பாள் நகரத் தொடங்கியது.

காற்று உள்ளே பாய்ந்தது. குளிர். இரைச்சல்.

பிறகு வலது இறக்கை தாழ்ந்தது. அவசரமில்லாமல். ஒரு பாகை பிசகாமல். தாழ்ந்துகொண்டே போனது. அடிவானம் நிமிர்ந்து நின்றது. அவன் தொடைகள் இருக்கையை விட்டு எழும்பின.

ஈரமான கறுத்த வயல், அவன் தலைக்கு மேலே, மெதுவாக விரிந்தது.