பிறை இருந்த பக்கம்

வான் ஆய்வுக்கூடத்தின் மேலாளர், துப்பறிவாளரின் அறையில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பொரிந்து தள்ளினார்.

“எங்க மானத்தையே வாங்கிட்டா சார் அந்தப் பொண்ணு. ஜோடிச்ச படம். நீங்க அதை நிரூபிச்சுக் கொடுங்க, இன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிட்டு கேமராவையும் கழட்டிடறேன்.”

துப்பறிவாளரை ஊரே ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடும். அவர் பதறி யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்துப் பதற மைத்துனன் இருந்தான். படத்தை முதலில் பிடுங்கியவன் அவன்தான்.

வட்டமான படம். மொட்டைமாடியில் அண்ணாந்து கிடக்கும் கேமரா முழு வானத்தையும் ஒரே தட்டில் அள்ளியிருந்தது. மேலே ‘வடக்கு’ என்றும் வலப்பக்கம் ‘கிழக்கு’ என்றும் அச்சாகியிருந்தது. கிழக்கு ஓரத்தில் கீற்றுப் பிறை. அதை ஒட்டி, எரிகல் ஒன்று இறங்கிய வெள்ளைக் கோடு.

“எப்போ எடுத்தது?” என்றார் நிதானம்.

“பொழுது சாய்ஞ்ச கொஞ்ச நேரத்துல. விழுந்த கல்லைக் கிழக்கே சல்லடை போட்டுத் தேடியாச்சு, ஒண்ணும் இல்ல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? பத்திரிகைக்காரங்க சிரிக்கிறாங்க.”

“அச்சடிச்ச படத்தை அந்தப் பொண்ணுகிட்ட காட்டினீங்களா?”

“அவளை உள்ளேயே விடலையே.”

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் காரில் மைத்துனனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “பேர் வாங்கற ஆசை மாமா, அவதான் பண்ணிருப்பா.”

“பொய் சொல்றவ, போய்த் தேடிப் பார்த்தா மாட்டிக்கிற மாதிரியா சொல்லுவா மாப்ளே?”



மேலாளர் அறையில் மூன்று பேரைக் கூட்டினார் நிதானம். மேலாளர், படங்களை அச்சுக்குத் தயார்செய்யும் வரைபடக்காரர், அழுது வீங்கிய கண்களோடு அந்தப் பெண் - கேமராவைப் பார்த்துக்கொள்வதால் எல்லாருக்கும் ‘மொட்டைமாடி அக்கா’.

“மாப்ளே, சாயங்காலம் கீற்றுப் பிறையை எந்தப் பக்கம் பார்ப்பே?”

“மேற்கேதான். சூரியன் போன வழியிலேயே அதுவும்...” மைத்துனன் படத்தைப் பார்த்தான். “இதுல கிழக்குன்னு போட்டிருக்கே!”

“படம் பொய்யில்ல, திசை போட்ட எழுத்துதான் தப்பு. எழுதினது யாரு?”

வரைபடக்காரர் கையைத் தூக்கினார். “நான்தான் சார். வந்த படத்துல கிழக்குன்னு இடப்பக்கம் எழுதியிருந்துச்சு. எந்த வரைபடத்துல அப்படி இருக்கும்? அவசரத்துல மாத்திப் போட்டுட்டாங்க, பாவம், திட்டு வாங்கக் கூடாதேன்னு திருத்திட்டேன்.”

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “நீங்க குனிஞ்சு தரையைப் பார்க்கிறவர் அண்ணா. நான் அண்ணாந்து பார்க்கிறவ.” படத்தை வாங்கி, வடக்கை வடக்குப் பக்கம் வைத்து, தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். “இப்போ பிறை எந்தப் பக்கம்?”

எல்லாரும் அண்ணாந்தார்கள். பிறை இருந்த ஓரம் மேற்கு ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“அப்போ கல்லு...” என்று இழுத்தார் மேலாளர்.

“நீங்க தேடாத பக்கத்துல இருக்கு” என்றார் நிதானம்.

மறுநாள் காலையில் அக்கா முன்னே நடக்க, சிரித்த பத்திரிகைக்காரர்கள் உட்பட எல்லாரும் மேற்கே போனார்கள். வறண்ட குளத்தின் நடுவே, தீயில் வாட்டியது போலக் கருத்த கல் ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. எரிகல் என்றால் இரும்பு இருக்குமே என்று அக்கா ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோனாள். சட்டென்று ஒட்டிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மைத்துனன் விசிலடித்தான். நிதானமே கைதட்டினார்.

புகைப்படம் எடுக்கக் கேமராக்கள் உயர்ந்தன. மேலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

“சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்றாள் அக்கா. “இது என் கல்லு.”