அளவு தப்பிய மண்

"கதவைச் சாத்துங்க!"

மழையோடு உள்ளே வந்தவன் திகைத்து நின்றான். அவன் பின்னால் புகுந்த காற்றில், தராசுத் தட்டிலிருந்த வெள்ளைப் பொடி புகையாக எழுந்தது.

"மன்னிச்சுக்கங்க... புது சூளைக்காரன். சூளை எங்கேன்னு கேக்கத்தான்..."

"பொடி அளக்கிற ரூம்லயா சூளை இருக்கும்?"

முகமூடிக்கு மேலே கண்கள் மட்டுமே தெரிந்தன... மை தீட்டாத, கோபத்தில் இன்னும் கறுத்த கண்கள். அவன் அவசரமாகக் கதவைச் சாத்தினான். வெளியே போய்ச் சாத்த மறந்து, உள்ளே நின்றே சாத்தினான்! அந்த வீட்டின் மூத்த மகளான பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. முகமூடி மானத்தைக் காத்தது.

அந்தக் குடும்பத்துப் பீங்கானுக்கு ஒரு மரியாதை உண்டு. வெள்ளைக் களிமண் பாதி, சூட்டில் உருகிப் பிணைக்கும் பெல்ட்ஸ்பார் கல்பொடி கால், குவார்ட்ஸ் கல்பொடி கால்... வீட்டார் கை தவிர வேறு கை அந்தப் பொடிகளை அளந்ததில்லை. மூன்றும் வெள்ளை. கொட்டிய பிறகு எது எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அளக்கும்போது கவனம் சிதறக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

ஆனால் சில நாள் கழித்து அவள் அளந்துகொண்டிருக்கையில், ஜன்னலுக்கு அப்பால் அவன் தெரிந்தான். கூடவே தங்கை. தேநீர் கொடுக்கப் போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை போலும்! அவன் ஏதோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

'எங்கிட்ட மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறான்... அவகிட்ட வாய் எப்படி நீளுது பாரு!'

நெஞ்சு எரிந்தது. கை அதன் பாட்டுக்கு அள்ளிக் கொட்டியது.

சூளையைத் திறந்தபோது, அந்த மண்ணில் செய்த கிண்ணங்கள் எல்லாம் உருகித் தொய்ந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"சூட்டை ஏத்திட்டீங்க தம்பி," என்றார் அப்பா. "எங்க அளவு தப்பாது. இனி நீங்க வர வேண்டாம்."

"சூடு சரியாத்தான் இருந்துச்சுங்க ஐயா." அவ்வளவுதான் சொன்னான்.

பெரியவள் தொய்ந்த கிண்ணங்களைக் குனிந்து பார்த்தாள். பெல்ட்ஸ்பார் கூடினாலும் பீங்கான் இப்படித்தான் உருகும். ஓடிப்போய் மூட்டையைப் பார்த்தாள். இருக்க வேண்டியதைவிட இளைத்திருந்தது. இரண்டு முறை போட்டிருக்கிறாள்! சொன்னால், கவனம் ஏன் தப்பியது என்றும் சொல்ல வேண்டும்... அதுவும் தங்கை முன்னால். சொல்லாவிட்டால்... அவன் பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

அடுத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நடக்க அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது.

"தப்பு என்னோடதுப்பா. பெல்ட்ஸ்பாரை ரெண்டு தடவை போட்டுட்டேன்."

"நீயா? எப்படி?"

"இவரும் சின்னவளும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க... எனக்குப் பொறுக்கலை."

"அடிப்பாவி!" என்று கத்தினாள் தங்கை. "உங்க அக்காவுக்குச் சிரிக்கவே வராதான்னு கேட்டாரு. அதுக்குத்தான் சிரிச்சேன்!"

பெரியவளின் முகம் சிவந்தது.

"அப்போ தப்புல பாதி என்னுதுங்க ஐயா," என்றான் அவன்.

அப்பா நிமிர்ந்து நின்றார். "எங்க வீட்டுத் தப்பை வெளி ஆள் சுமக்கிற வழக்கமில்ல."

"வெளி ஆளா இருக்க எனக்கும் மனசில்லைங்க... இவங்க சம்மதிச்சா, எங்க வீட்டுப் பெரியவங்களோட முறைப்படி வர்றேன்."

அப்பா திரும்பி, மூத்த மகளைப் பார்த்தார்.

"வரச் சொல்லுங்கப்பா..." என்றாள் அவள்.